கடிதம் யாரிடம் இருக்கும்?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவர். இறுதியாண்டு ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட தமிழ் மருத்துவ நூல்கள். பல்கலைக்கழக நூலகத்துக் கணனியில் கிறீனின் பெயரைத் தட்டினால் பக்கம் பக்கமாக வந்து விழுகின்றனவாம். ஆனால், "கிறீனைப் பற்றி எல்லோரும் எழுதியது கிடைக்கிறது, சேர். கிறீன் எழுதியதுதான் கிடைக்கவில்லை. மூலத்தைக் காணாமல் எழுதினால் கட்டுரையை ஏற்க முடியாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது" என்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அந்த நூல்களைத் தமிழாக்க டாக்டருக்குக் கைகொடுத்த தமிழ் மாணவர்கள் யார், அவர்களுடைய பெயரை எங்கே தேடுவது என்பது அந்தக் கேள்வி. முதற் கேள்வியிலும் பார்க்க இதுவே என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைய உரையை அவருக்கான பதிலாகவே அமைத்துக்கொள்கிறேன். வேறு பொருளில் ஆய்வு செய்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பதில் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது பெருமைப்படக்கூடிய கதையல்ல. மாணவனாக இருந்த காலத்தில் நானும் கிறீனைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். டாக்டர் தம் கடிதமொன்றில் சொன்னதாக ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டி, அதற்கு அடிக்குறிப்பும் போட்டிருந்தேன். வாக்கியமும் அடிக்குறிப்பும் வேறொருவருடைய புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தவை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு முதிய ஆசிரியர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, கட்டுரை நல்லாயிருந்தது. நீர் அந்தக் கடிதப் புத்தகத்தைப் பார்த்தனீரோ?"

"ஓம் சேர்."

"அதின்ரை அட்டை என்ன நிறம்?"

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு பேருக்கு முன்னால் ஏசியிருந்தாற்கூட அவ்வளவு உறைத்திராது.

அந்தப் புத்தகத்தை நான் கண்ணால் காண இருபது வருடத்துக்கு மேல் சென்றது. எபனேசர் கற்லர் என்பவர் தொகுத்த, டாக்டரின் வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய நூல் அது. டாக்டர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின், 1891இல், குடும்ப நண்பர்களுக்கென்று அச்சிடப்பட்டது. கடைக்கு வராத புத்தகம். அதன் பக்கங்களைக் கணனித் திரையில் புரட்டியபோது என் பழைய வாக்கியத்தைத் தேடிப் பிடித்தேன். வாக்கியம் இருந்தது. ஆனால் அது டாக்டருடையதல்ல! ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையில் தொகுப்பாசிரியர் கோத்து எழுதிய இணைப்புரை. யாரோ ஒருவர் அவசரத்தில் மாறிப் படித்திருக்கிறார். அவரைப் பார்த்து நான் எழுதினேன். என் கட்டுரையைப் பார்த்து எத்தனை பேர் எழுதினார்களோ!

மூலம் என்று நாம் ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு இந்தக் கதையே போதும். கிறீனின் கடிதம், அவர் வெளியிட்ட நூல், அக்காலத்துப் பத்திரிகைச் செய்தி, மிஷனின் ஆண்டறிக்கை, தேவாலயப் பதிவேடு ஆகியன மூலங்கள். அவற்றைப் படித்துவிட்டுப் பின்வந்தோர் எழுதியவை இரண்டாம் நிலையின. இரண்டாம் நிலை நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை. தேடலைத் தொடங்கும் இடமே அவற்றின் அடிக்குறிப்புகள்தான். முடிக்கும் இடமாக அவை இருக்கக்கூடாது, அவ்வளவே.

இனிக் கணனிக்கு வருவோம். நான் பேராதனையில் படித்த நாட்களில் இழுப்பறைகளில் அட்டைகள் இருந்தன. ஆசிரியர் பெயருக்கு ஒரு வரிசை, பொருளுக்கு வேறொரு வரிசை. எந்த இழுப்பறையைத் திறக்கிறோம் என்பதே நாம் என்ன கேட்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிடும். இன்றைய கணனித் திரையில் ஒரே ஒரு பெட்டி. நூல், சஞ்சிகைக் கட்டுரை, ஆய்வேடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறி எடுத்துத் தருகிறது. கிறீனின் பெயர் இருபது தடவை வரும் கட்டுரையை அது தலையில் வைக்கிறது. 1867இல் வெளிவந்த 'இரணவைத்தியம்' என்ற நூலுக்குப் பட்டியலில் உள்ள பதிவோ ஒரு தலைப்பு, ஓர் ஆண்டு, பக்கத் தொகை, அவ்வளவுதான். இயந்திரம் பற்றிப் பிடிக்க அதில் சொற்கள் இல்லை. ஆகவே அது அடியில் கிடக்கிறது. மூலம் இல்லாமற் போகவில்லை. கீழே அமிழ்ந்து போய்விட்டது.

முதல் வேலை, அந்த ஒற்றைப் பெட்டியை விட்டு 'விரிவான தேடல்' என்ற பகுதிக்குப் போவது. அங்கே பெயரை 'ஆசிரியர்' என்ற இடத்தில் மட்டும் இட வேண்டும். கிறீன் என்ற பெயரில் உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. ஆகவே நூலகர்கள் பெயரோடு 1822 – 1884 என்று அவருடைய வாழ்நாளையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். சரியான ஒரு பதிவு அகப்பட்டதும், அதிலுள்ள ஆசிரியர் பெயரையே அழுத்தினால் அதே ஆளுடைய மற்றைய நூல்கள் வரும். பிறகு மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்தால் குவியல் சுருங்கிவிடும்.

பொருட் தலைப்பு என்றொரு வாசல் உண்டு. மாணவர்கள் இதை அதிகம் திறப்பதில்லை. நூலகர்கள் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் சிறு வால் ஒன்றை ஒட்டுவார்கள். 'சோர்சஸ்' என்று இருந்தால் உள்ளே மூல ஆவணங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். 'கொறஸ்பொண்டன்ஸ்' என்றால் கடிதங்கள். 'டயரீஸ்' என்றால் நாட்குறிப்புகள். 'பேர்சனல் நரேற்றிவ்ஸ்' என்றால் நேரில் கண்டவர் எழுதியவை. பொருளின் பெயரோடு இந்தச் சொற்களுள் ஒன்றைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்தவை பத்துப் பன்னிரண்டாகக் குறையும். குறைந்தவற்றுள் மூலங்களே மிகுதியாக இருக்கும்.

ஆண்டைக் கொண்டு வடிகட்டுவதைப் பலரும் சொல்லித் தருவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. கிறீன் 1884இல் இறந்தார் என்பதால் அந்த ஆண்டுக்குப் பிந்தியவற்றை வெட்டிவிட்டால், 1891இல் வந்த கடிதத் தொகுப்பும் கூடவே போய்விடும்! மூலம் எழுதப்பட்ட ஆண்டு வேறு, அது அச்சான ஆண்டு வேறு. வடிகட்டியைப் போடுங்கள், ஆனால் ஒரு தடவை போடாமலும் தேடுங்கள்.

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன். கிறீனின் கடிதங்களை மானிப்பாயில் தேடுவதுதான் நமக்கு முதலில் தோன்றும். அவர் 1847இல் வந்து, 1857இல் போய், 1862இல் திரும்பிவந்து, 1873 வரை இருந்த ஊர் அல்லவா? ஆனால் கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை, நேயர்களே. அது போய்ச் சேர்ந்தவரிடம் இருக்கும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் பொஸ்ரனில் இருந்த தலைமைச் சபையின் செயலாளருக்கு எழுதினார்கள். அச்சபை வந்த கடிதங்களை மிஷன் வாரியாகப் பிரித்துக் கட்டிவைத்தது. அந்தப் பெருந்தொகுதி இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் இருக்கிறது; நுண்படச் சுருள்களாகவும் வெளிவந்துள்ளது. நூலகப் பட்டியலில் இத்தனை ஆயிரம் கடிதங்களுக்கும் சேர்த்துச் சபையின் பெயரில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கக்கூடும். கிறீனின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தால் அது வராது. சபையின் பெயரைத் தட்டி, அந்தத் தொகுதிக்கென ஆக்கப்பட்ட விளக்கப் பட்டியலைத் திறந்து, இலங்கை மிஷன் என்ற பகுதிக்கு இறங்கி, ஆண்டைப் பார்த்து, அதற்குள்தான் ஆளைத் தேட வேண்டும்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் என்றால் வீட்டாரைத் தேட வேண்டும். டாக்டரின் குடும்பம் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் 'கிறீன் ஹில்' என்ற இடத்தில் வாழ்ந்தது. அவருடைய சகோதரர் அன்ட்றூ ஹாஸ்வெல் கிறீன் நியூயோர்க்கில் பெரும் புள்ளி. நியூயோர்க் பொது நூலகம் உருவானதில் அவருக்கும் பங்குண்டு. தம்பி ஒருவர் மானிப்பாயில் தமிழில் உடற்கூற்றியல் படிப்பிக்க, அண்ணன் அங்கே நூலகம் அமைக்க முயன்றதை நினைத்தால் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆய்வுக்கு இது தேவையில்லை என்று மாணவி சொல்லக்கூடும். ஆனால் அண்ணனின் பெயரைத் தேடாதவருக்குத் தம்பியின் கடிதங்கள் பாதிதான் கிடைக்கும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இதிலேதான் நம்மவர்கள் அதிகம் வழி தவறுகிறார்கள். இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் ஊர்ப்பெயரை அன்றைய மிஷனரிமார் அறியார். வட்டுக்கோட்டை அவர்கள் கையில் 'பற்றிக்கோட்டா'. உடுவில் 'ஊடூவில்'. தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி'. பண்டத்தரிப்பு 'பண்டித்தெரிப்போ'. மானிப்பாய் 'மனெப்பி'. இலங்கை எங்கும் 'சிலோன்'தான். 1823இலிருந்து 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றி இன்றைய எழுத்தில் தேடினால் இன்றைய கட்டுரைகள் வரும். அன்றைய எழுத்தில் தேடினால் அன்றைய அறிக்கைகள் வரும். சொல்லின் பாதியை எழுதி நட்சத்திரக் குறி இட்டால், அந்தப் பாதியில் தொடங்கும் எல்லாவற்றையும் தரும் வசதியும் பெரும்பாலான பட்டியல்களில் உண்டு.

தமிழ் நூற் பெயர்களுக்கு வேறு தொல்லை. மேல்நாட்டு நூலகங்கள் தமிழை எழுத்துக்கு எழுத்து ரோமன் லிபியில் மாற்றுகின்றன. ஒலி எப்படியானாலும் 'த'வுக்கு அவர்கள் இடுவது 'ரீ' என்ற ஓரெழுத்து; நாம் 'எச்' சேர்க்கிறோம். 'ச'வுக்கு அவர்கள் இடுவது 'சீ'. நாம் 'எஸ்' இடுகிறோம். 'க' எப்போதும் 'கே'. நாவலரின் பெயரில் நாம் 'ஜீ' போடுகிறோம். ஆகவே சி. வை. தாமோதரம்பிள்ளையை யாழ்ப்பாண வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதித் தேடிய ஒருவர், அந்த நூலகத்தில் அவருடைய பதிப்பு ஒன்றுமே இல்லை என்று எழுதியதை நான் படித்திருக்கிறேன். ஒரு தட்டே நிறைந்திருந்தது. சில நூலகங்கள் இப்போது தமிழ் எழுத்திலும் பதிவு செய்கின்றன. பழைய பதிவுகள் பலவற்றுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. நூலகர்கள் பெயர்களுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கிறார்கள். பழைய அட்டைகளில் 'காண்க' என்று வழிகாட்டியது போல அது ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றுப்படுத்தும். முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

முழுப் பக்கங்களையும் எண்ணிமப் படமாக்கி, உள்ளே உள்ள சொற்களைத் தேடவும் இன்று வழியிருக்கிறது. ஆங்கில ஆவணங்களில் இது அற்புதமாக உதவும். தமிழில் அவ்வளவு நம்பவேண்டாம். பழைய அச்சில் ணை, லை, னா, றா போன்றவற்றின் வடிவங்கள் வேறு. கணனியின் கண் அவற்றை மாறி வாசிக்கிறது. சொல் அகப்படவில்லை என்றால் பக்கத்தில் இல்லை என்று முடிவு கட்டாமல், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். விரலுக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும்.

புத்தக வடிவில் வந்த பழைய பட்டியல்களையும் மறக்கலாகாது. ஜோன் மேடொக் தொகுத்த தமிழ் அச்சு நூற் பட்டியல் 1865இல் சென்னையில் வெளிவந்தது. அவர் அதற்கு முன் கண்டியில் தலைமையாசிரியராக இருந்தவர். பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூற் பட்டியல், பார்னெற், போப் இருவரும் தொகுத்தது, 1909இல் வந்தது. கணனியில் 'இல்லை' என்று வந்த ஒரு நூல் இவற்றில் இருக்குமானால், அது எந்தப் பெயரில், எந்த ஆண்டில், எந்த அச்சுக்கூடத்திலிருந்து வந்தது என்ற அங்க அடையாளம் கிடைத்துவிடும். அதைக் கொண்டு மறுபடி தேடலாம்.

இத்தனை சுற்றிவளைத்து அமெரிக்காவுக்கும் இலண்டனுக்கும் போவானேன் என்று சிலர் கேட்கலாம். கையெட்டும் தூரத்தில் இருந்தவற்றை நாம் காத்துக்கொள்ள முடியாமற் போனது எல்லோரும் அறிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அதன் பின் யுத்தம், இடப்பெயர்வு. வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. ஒரு நூலின் நம்மிடமிருந்த பிரதி அழிந்தது என்றால் நூலே அழிந்தது என்று பொருளல்ல. வேறொரு பிரதி எங்கோ ஒரு தட்டில், வேறொரு எழுத்துக்கூட்டலில் உறங்கக்கூடும். பல நாட்டு நூலகங்களின் பட்டியலை ஒன்றாக்கித் தரும் வேர்ல்ட்கற், தேடும் நூல் எந்த எந்த நாட்டில் இருக்கிறதென்று காட்டும். 2005இல் தொடங்கிய நம்மவர்களின் 'நூலகம்' இணையத்தளத்தை முதலில் பார்த்துவிட்டே கடல் கடக்க வேண்டும் என்பது என் பழக்கம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அப்படியே.

மாணவியின் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. கிறீனின் மாணவர்கள் யார்?

அக்காலத்து மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டுவது வழக்கம். பிள்ளையின் படிப்புக்குப் பணம் தந்த உபகாரி விரும்பிய பெயர் அது. 1841இல் 'உதயதாரகை' தொடங்கியபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர். பெயரை மட்டும் பார்த்தால் வெள்ளைக்காரர் என்றே நினைப்போம். இருவரும் தமிழர். 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த சதாசிவம்பிள்ளை ஆங்கிலத்தில் ஜே. ஆர். ஆர்னோல்ட். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை மிஷன் ஏடுகளில் கறோல். மற்றவரான தாமோதரம்பிள்ளையின் ஆங்கில முன்னெழுத்துகளிலுள்ள 'டபிள்யூ', வின்ஸ்லோ என்ற பெயருக்குரியது. பின்னாளில் இவ்விருவரும் சைவத்துக்குத் திரும்பினார்கள் என்பது வேறு கதை. ஆகவே ஒரே ஆளை இரண்டு பெயரில் தேட வேண்டும். அமெரிக்கப் பெயரில் தேடினால் அறிக்கைகளில் அகப்படுவார். தமிழ்ப் பெயரில் தேடினால் தமிழ் நூல்களில் அகப்படுவார். இரண்டும் ஒரே ஆள் என்று பட்டியல் சொல்லாது. இரண்டு பெயரும் ஒன்றாக எழுதப்பட்ட ஒரு தாளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவையும் சுருக்கி அந்த மாணவிக்குப் பதில் எழுதினேன். எங்கள் நூலகர் ஒருவரும் உதவினார். எந்த நூலகத்தில் என்ன இலக்கமுள்ள பதிவு என்று குறித்து எழுதினால், வேண்டிய சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும் நூலகங்கள் உண்டு. தொகுப்பு முழுவதையும் அனுப்புங்கள் என்று எழுதினால் பதில் வராது.

சென்ற கிழமை அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. கிறீனின் நூலொன்றின் தலைப்புப் பக்கமும் முகவுரையும் கிடைத்துவிட்டனவாம். ஆய்வுக்குக் கால அவகாசமும் ஒரு மாதம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். துணைசெய்தவரின் பெயர் முகவுரையில் இருக்கிறது, ஆனால் அமெரிக்கப் பெயர் மட்டும் என்று எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெயர் இல்லை. அறிக்கைகளில் அதே பெயரைத் தேடி, அவர் படித்த காலத்தை ஒருவாறு கண்டுபிடித்துவிட்டார். இனி ஞானஸ்நானப் பதிவேட்டையும் விவாகப் பதிவேட்டையும் பார்க்க யாழ்ப்பாணம் போகிறாராம். அங்கே தேடுவதற்குக் கணனி இல்லை. அந்த அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு போதகருக்கு இன்று காலைதான் கடிதம் போட்டேன்.